பழைய ஜீப்புக்குப் பெரிய டயர் எதற்கு?

மலைச்சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்குப் பழைய ஜீப் இன்னமும் கைகொடுக்கிறது. சிறுமலை வாழைத்தாரும், கொல்லிமலை மிளகும், ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையும் தோட்டத்தை விட்டுத் தார்ச்சாலையைத் தொடுவதற்குள் கடக்க வேண்டிய மண்பாதைக்கு வேறு வண்டி எளிதில் பொருந்துவதில்லை. போடி, கம்பம் பக்கங்களிலிருந்து கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும் ஜீப்புகள்தாம். புது வண்டி வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. அரசு அலுவலகம் கழித்துவிட்டதையோ, பெரிய தோட்டக்காரர் விற்றதையோ வாங்கி, எஞ்சினைச் சரிசெய்து ஓட்டுகிறவர்களே அதிகம்.

அப்படி வாங்கிய வண்டியில் எஞ்சினுக்கு அடுத்த பெருஞ்செலவு டயர். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து வாங்க வேண்டும். ஒரு பருவத்து மிளகுப் பணம் அப்படியே போய்விடக்கூடிய செலவு இது. இந்த இடத்தில்தான் பலர் தவறான யோசனைக்குக் காது கொடுத்துவிடுகிறார்கள். “இவ்வளவு ஒல்லியான டயரை வைத்துக்கொண்டா மலை ஏறுகிறீர்கள்? அகல டயராகப் போடுங்கள், வண்டி யானை மாதிரி ஏறும்” என்று கடையில் சொல்வார்கள். பட்டணத்தில் ஜோடித்து நிறுத்தியிருக்கும் ஜீப்புகளைப் பார்த்து, வீட்டுப் பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். பார்வைக்கு அந்த வண்டி கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரம் ஏற்றி, மேடு ஏறி, அதே பாரத்தோடு இறங்க வேண்டிய விவசாயியின் ஜீப்புக்கு அது ஏற்றதல்ல. கம்பெனி கொடுத்த அளவு, அல்லது உயரத்தில் அதற்கு மிக நெருங்கிய அளவு, ஐந்தும் ஒன்றுபோல: இதற்கு மேல் போவது காசைக் கொடுத்து வண்டியைக் கெடுத்துக்கொள்வதாகும்.

அந்த அளவு எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்ததே மகிந்திரா ஜீப். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் இந்தியாவில் அதைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். சி.ஜே.3பி என்ற மாடல் அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன பிறகும் இங்கே நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. பின்னர் வந்த டீசல் ஜீப்புகளில் ஒரு வகை எஞ்சின் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் எஞ்சின் வழிவந்தது என்பது விவசாயிகளுக்கு வேடிக்கையாக இருக்கலாம். டிராக்டருக்கும் ஜீப்புக்கும் சொந்தம் இப்படிப் பழையது.

அந்தப் பழைய ஜீப்பின் டயர் அளவு 6.00-16. டயரின் அகலம் சுமார் 6 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 16 அங்குலம் என்பது இதன் பொருள். காற்றடித்து நிறுத்தினால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 29 அங்குலம் இருக்கும். ரிம்மின் அகலம் நாலரை அங்குலம். எஞ்சின் பலம், கிரவுன் பினியனின் பற்கணக்கு, பிரேக் டிரம்மின் அளவு, ஸ்டியரிங் எல்லாம் இந்த 29 அங்குலத்தை வைத்துக் கணக்கிட்டவை. பின்னால் வந்த மாடல்களில் அளவு சிறிது மாறுபடும். ஆகவே தம் வண்டியின் கையேட்டில் என்ன அளவு குறித்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கையேடு தொலைந்துபோயிருந்தால், அதே மாடலை முதல் நாளிலிருந்து வைத்திருக்கும் ஒருவரைத் தேடிக் கேட்பது நல்லது. இப்போது மாட்டியிருக்கும் டயரை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. முந்தைய சொந்தக்காரர் எதை மாட்டினாரோ, யார் கண்டது?

மூன்று அங்குலம் உயர்ந்தால்

சிறு லாரிகளுக்கு வரும் 7.50-16 டயரைச் சிலர் ஜீப்பில் மாட்டுகிறார்கள். அதன் உயரம் 32 அங்குலத்தை ஒட்டி வரும். மூன்று அங்குலம்தானே கூடுகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும்.

டயர் உயர்ந்தால் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கூடும். 29 அங்குலம் 32 ஆகும்போது இந்தத் தூரம் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதே அளவுக்கு இழுவைப் பலம் குறைகிறது. சி.ஜே.3பி ஜீப்பின் கிரவுன் விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். 32 அங்குல டயரைப் போட்டால் அது 4.88 விகிதத்தில் ஓடும் வண்டிபோல் ஆகிவிடும். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய மேட்டில் முதல் கியர் கேட்கும். முதல் கியரில் முக்கி ஏறிய இடத்தில் கிளட்சை அரைத்து அரைத்து ஏற வேண்டி வரும். கிளட்ச் பிளேட் ஒரு வருடத்தில் தீர்ந்துபோனால் அந்தச் செலவை யாரும் டயர்க் கணக்கில் எழுதுவதில்லை.

“அதற்குத்தானே லோ கியர் இருக்கிறது” என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஜீப்பின் லோ கியர் ஃபோர்வீல் போட்ட பிறகுதான் விழும். ஃபோர்வீலைத் தார்ச்சாலையிலும் காய்ந்த சிமென்ட் பாதையிலும் போட்டு ஓட்டக் கூடாது. காரணம் கீழே வருகிறது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான். அங்கே லோ கியர் துணைக்கு வராது.

ஏறுவதைவிட இறங்குவது முக்கியம். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெரும்பாலான பழைய வண்டிகளில் காலின் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. டயர் உயர்ந்தால், முன்பு மிதித்த அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடி பத்தில் ஒரு பங்கு குறையும். கியரில் விட்டு இறங்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் அதேபோல் குறையும். டயரின் எடையும் கூடுவதால் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தை நிறுத்தவும் கூடுதல் வேலை. பத்து மூட்டை மிளகோடும் பின்னால் தொற்றிக்கொண்ட ஆட்களோடும் இறங்கும் வண்டியில் இது சின்ன விஷயமல்ல. ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது உண்மையில் வண்டி 44இல் போய்க்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கொடுத்து என்ன கிடைக்கிறது? வண்டியின் வயிறு பாறையில் தட்டாது என்கிறார்கள். டயர் மூன்று அங்குலம் உயர்ந்தால் ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, ஒன்றரை அங்குலம் மட்டுமே. பாதையில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பாறைகளை ஒரு நாள் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட்டால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

பத்தரை அங்குல அகல டயர்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பழைய ரிம் ஆகாது, அகல ரிம் வேண்டும். அகல ரிம் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வீல் பேரிங்குக்கும் கிங்பின் பேரிங்குக்கும் வரும் சுமை கூடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் பட்டை ஸ்பிரிங்கில் உரசும். உரசாமலிருக்க ஒடிப்பைக் குறைத்து வைப்பார்கள். அப்புறம் கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டி, பள்ளத்தின் ஓரத்தில் நின்று ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் மாலையில் தோள்பட்டை என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒல்லி டயரின் பலம்

அகல டயர்தான் சேற்றில் போகும் என்பது பாதி உண்மை. எந்தச் சேறு என்று கேட்க வேண்டும்.

மலைப்பாதையில் மழைக்குப் பின் இருப்பது பெரும்பாலும் மேல்சேறு. நான்கு விரற்கடைக்குக் குழம்பு, அதன் அடியில் கெட்டியான செம்மண்ணோ சரளையோ பாறையோ இருக்கும். ஒல்லியான டயர் வண்டியின் பாரத்தைச் சிறிய இடத்தில் இறக்குவதால், குழம்பைக் கத்தி போல் அறுத்துக்கொண்டு அடிமண்ணைத் தொட்டுப் பிடிக்கும். அகல டயர் குழம்பின்மேல் மிதந்து வழுக்கும். மலைப்பாதையில் வழுக்கினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதைப் பாதை ஓரத்துக்காரர்கள் அறிவார்கள். போர்க்காலத்து ஜீப்புக்கு ஒல்லி டயர் கொடுத்தவர்கள் ரப்பரை மிச்சம் பிடிப்பதற்காகக் கொடுக்கவில்லை.

கரிசல் வேறு மாதிரி. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் நனைந்தால் டயரின் பட்டனுக்குள் புகுந்து அப்பிக்கொண்டு, நான்கு சுற்றில் டயரை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். அங்கே அகலமும் உதவாது, உயரமும் உதவாது. பட்டன்களுக்கிடையே இடைவெளி அதிகமுள்ள டயராக இருந்தால் சுற்றும்போது மண்ணை ஓரளவு உதறித் தள்ளும். மற்றபடி நனைந்த கரிசலில் வண்டியை இறக்காமல் இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருப்பதுதான் வழி. அந்தக் காட்டுக்காரர்களுக்கு இது புதுச் செய்தியும் அல்ல.

அகல டயர் உண்மையிலேயே பயன்படும் நிலம் தமிழ்நாட்டில் தேரி. குதிரைமொழித் தேரி போன்ற செம்மணற்காட்டில் ஒல்லி டயர் புதையும். அங்கே மிதந்து போவதுதான் வேண்டும். அங்கும்கூட, இருக்கிற டயரில் காற்றைக் குறைத்தாலே தரையில் படியும் பரப்பு கூடி, வண்டி நடந்துவிடும். தேரியில் தினமும் ஓட்டுகிறவரைத் தவிர மற்றவர்கள் மணலுக்காக அகல டயர் வாங்கத் தேவையில்லை.

டயரின் வகையைப் பொறுத்தவரை, மண்பாதையும் தார்ச்சாலையும் பாதிப்பாதியாக ஓட்டுகிறவர்களுக்கு நடுத்தரமான பட்டன் உள்ள டயர் போதும். முழு லக் டயர் தார்ச்சாலையில் இரைச்சல் போடும், நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பும் குறைவு, சீக்கிரம் தேயவும் செய்யும். தோட்டத்தை விட்டு அபூர்வமாக வெளியே வரும் வண்டிக்குத்தான் அது சரி.

நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும்

சாதாரணக் காரில் முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவும் இருந்தாலும் எப்படியோ ஓடிவிடும். பழைய ஃபோர்வீல் ஜீப்பில் அது நடக்காது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

ஃபோர்வீல் லிவரைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் டிரான்ஸ்பர் கேஸில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. முன்சக்கரம் எத்தனை சுற்றோ, பின்சக்கரமும் அத்தனை சுற்றுதான். நடுவே விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. இப்போது முன்னால் இரண்டு புது டயர், பின்னால் தேய்ந்த பழைய டயர் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டன் உயரத்தில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், டயரின் சுற்றளவில் அது 5 சென்டிமீட்டராகிவிடும். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 22 மீட்டர் கணக்கு இடிக்கும். அந்த 22 மீட்டரை ஏதாவதொரு டயர் வழுக்கித்தான் சரிக்கட்ட வேண்டும்.

சேற்றிலும் மணலிலும் டயர் எளிதாக வழுக்கிவிடும், சேதமில்லை. கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாததால் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும், கிரவுனிலும், டிரான்ஸ்பர் கேஸின் பற்களிலும் ஏறும். ஸ்டியரிங் கல்லாகிவிடும். லிவரை எடுக்கப் பார்த்தால் வராது. வண்டியை நாலடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் வரும். அது தெரியாமல் லிவரைச் சுத்தியலால் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான்கு டயரும் ஒன்றுபோல இருக்கும்போதே வளைவுகளில் முன்சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டியிருப்பதால் இந்த முறுக்கு ஏறும். தார்ச்சாலையில் ஃபோர்வீல் கூடாது என்பதற்கு அதுவே காரணம். டயர்களும் வேறு வேறு என்றால் நேர்ப்பாதையிலும் அந்த வினை வந்து சேரும்.

ஆகையால் இரண்டு டயர் மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால், புதியதை முன்னாலும் பழையதைப் பின்னாலும் போட்டு ஃபோர்வீல் ஓட்டுவதைவிட, இருக்கிற டயர்களோடு ஒரு பருவம் தள்ளி, சேர்ந்தாற்போல் வாங்குவது மேல். பழைய டயர்கள் அதுவரை தாங்காது என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போது ஃபோர்வீலை வழுக்கும் இடத்தில் மட்டும் போட்டு, கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் சுற்றில் மாற்றி மாற்றிப் போட்டு வந்தால் எல்லாம் சமமாகத் தேயும். ஐந்தாவதைப் புதிதாகவே பின்னால் தொங்கவிட்டுப் பெருமைப்படுவதில், வெயிலில் ரப்பர் வெடிப்பதைத் தவிர வேறு பயனில்லை.

அளந்து பார்ப்பது எளிது. காற்றைச் சமமாக அடித்து, டயரிலும் தரையிலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச்சுற்று தள்ளி, தரையில் மறுபடி கோடு போட்டு இடைவெளியை நாடாவால் அளக்கலாம். நான்கு சக்கரத்துக்கும் அளந்து, அரை அங்குலத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

அதே அளவு, வேறு டயர்

விவசாயிகள் மட்டுமே விழக்கூடிய ஒரு குழி இருக்கிறது. 6.00-16 என்பது டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் பரவலாக வரும் அளவு. சிறு ஊர்க் கடைகளில் 6.00-16 என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது டிராக்டர் டயராகத்தான் இருக்கும். விலையும் தோதாகத் தெரியும். வீட்டில் டிராக்டரிலிருந்து கழற்றிய டயர் சும்மா கிடந்தால், அதையே ஜீப்பில் மாட்டினால் என்ன என்ற எண்ணமும் வரும்.

மாட்டக் கூடாது. டிராக்டர் முன்டயரின் மேல் நீளவாக்கில் இரண்டு மூன்று வரம்புகள் ஓடும். உழவில் வண்டியை நேராகத் திருப்பிப் பிடிக்கவே அவை இருக்கின்றன, இழுக்க அல்ல. இரண்டு சக்கரத்தால் இழுக்கும் டிராக்டரில் முன்சக்கரம் தள்ளப்பட்டு உருள்கிறதே தவிர, இழுப்பதில்லை. ஜீப்பின் முன்சக்கரத்தில் அதைப் போட்டு ஃபோர்வீல் போட்டால், பெயருக்குத்தான் ஃபோர்வீல். அதைவிட ஆபத்து வேகம். டிராக்டர் டயரின் பக்கச்சுவரில் ஏ6 அல்லது ஏ8 என்று ஒரு குறி இருக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40 கிலோமீட்டர் வரைதான் அந்த டயர் செய்யப்பட்டது. சந்தைக்குப் போகும் ஜீப் அந்த வேகத்தில் நிற்பதில்லை. சூடேறிப் பிய்ந்துகொள்ளும். மாட்டுவண்டி டயருக்கும் இதே பேச்சுதான், மாட்டின் வேகத்துக்குச் செய்ததை எஞ்சினின் வேகத்துக்கு ஓட்டக் கூடாது. கடைக்காரரிடம் அளவை மட்டும் சொல்லாமல் “ஜீப்புக்கு” என்றும் சொல்லி வாங்க வேண்டும்.

15 அங்குல ரிம் பற்றி

தார்ச்சாலை ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் ரேடியல் டயருக்கு மாற ஆசைப்படுவதில் நியாயம் உண்டு. நைலான் டயரைவிட ரேடியல் மெத்தென்று ஓடும், சாலையில் நீண்ட நாள் உழைக்கும். பக்கச்சுவர் மட்டும் மெல்லியது. கூர்ங்கல் நிறைந்த பாதையில் பக்கவாட்டில் கிழிபட நைலானைவிட அதற்கு வாய்ப்பு அதிகம். தினமும் பாறையில் உரசி ஏறுகிறவர் நைலானிலேயே இருக்கலாம்.

ரேடியலுக்கு மாறுவதானால் 15 அங்குல ரிம்மில் 235/75ஆர்15 அளவு பழைய உயரத்துக்கு மிக நெருங்கி வருகிறது. கணக்கு இப்படி: டயரின் அகலம் 235 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 75 பக்கச்சுவரின் உயரம், 176 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 352. நடுவே 15 அங்குல ரிம் 381. ஆக மொத்தம் 733 மில்லிமீட்டர், 29 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. கிரவுன் விகிதமும் பிரேக்கும் பழையபடியே இருக்கும். ரிம் மட்டும் 6 அங்குல அகலமாவது வேண்டும். 215/75ஆர்15 இன்னும் ஒல்லி, ஆனால் உயரம் ஓர் அங்குலம் குறைவு. பாரம் ஏற்றி மேடு ஏறும் வண்டிக்கு அந்த ஓர் அங்குலக் குறைவு இழுவைக்குச் சாதகம், அடிவயிறு தட்டுவதற்கும் சாதகம். பாதையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ரிம் வாங்கும்போது போல்ட் வட்டம் பொருந்த வேண்டும். வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் 5 போல்ட், வட்டத்தின் குறுக்களவு ஐந்தரை அங்குலம். ஐந்து போல்ட் வட்டத்தைக் குறுக்கே அளப்பது கடினம் என்பதால், அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும், 82 மில்லிமீட்டர் வர வேண்டும். நடு ஓட்டை ஹப்புக்குப் பொருந்துகிறதா, பிரேக் டிரம் உள்ளே தட்டாமல் சுற்றுகிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். பொருந்தாத ரிம்மைப் பொருத்த நடுவே தகடு வைப்பது, ரிம்மை அறுத்து அகலப்படுத்திப் பற்றவைப்பது போன்ற வேலைகளை எந்தப் பட்டறைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் ஏற்கக் கூடாது. பற்றவைத்த இடம் விட்டுக்கொள்வதற்கு நேரம் காலம் கிடையாது.

பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயர் மாட்டினாலும் உள்ளே டியூப் போட்டே ஓட்ட வேண்டும். டயரின் விளிம்பை உட்கார்த்திப் பிடிக்கும் வரம்பு அந்த ரிம்களில் கிடையாது. ரேடியல் டயருக்கு ரேடியல் டியூப்தான் போட வேண்டும். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்பது எந்த வண்டிக்கும் ஆகாது. ஃபோர்வீல் வண்டியில் நான்குமே ஒரே வகையாக இருக்க வேண்டும்.

வயதான டயர்

விவசாயியின் ஜீப் அறுவடைக் காலத்தில் தினமும் ஓடும், மற்ற நாட்களில் கொட்டகையில் நிற்கும். இதனால் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகிறது. பட்டன் நிறைய இருக்கும், பக்கச்சுவரில் மயிரிழை போல் வெடிப்பு ஓடியிருக்கும். அப்படிப்பட்ட டயரை நல்ல டயர் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3219 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டு 32ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி உட்புறமும் பார்ப்பது நல்லது. பத்து வருடம் ஆனதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், மலைச்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்தே வாங்க வேண்டும். அதிகம் விற்காத அளவு என்பதால் கடையில் மூன்று நான்கு வருடம் கிடந்த சரக்கு கைக்கு வர வாய்ப்பு உண்டு.

ரீட்ரேட் டயரை அறவே ஒதுக்கத் தேவையில்லை. உடல் நன்றாக உள்ள நைலான் டயரை நல்ல பட்டறையில் ஒருமுறை ரீட்ரேட் செய்து பின்னால் ஓட்டலாம், சுற்றளவு மற்றவற்றோடு ஒத்துவர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முன்னால் வேண்டாம். இறக்கத்தில் முன்டயர் பிய்ந்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. வண்டியை உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. 15 வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகல டயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், பழைய ரிம்மை எங்கே தேடுவது? விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு சாக்குக் கிடைத்துவிடும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு ஓட்டுவதும் விதிக்கு மாறானது. மலையில் ஓட்டுகிறவர்கள் அந்த அளவு வரை காத்திருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

காற்று விஷயத்தில் பெரும்பாலோர் கவனமில்லாமல் இருக்கிறார்கள். பாரம் ஏற்றப் போகிறோம் என்று 40 பவுண்டு, 45 பவுண்டு என்று அடித்துவிட்டு, வண்டி தூக்கிப் போடுகிறது என்று பட்டை ஸ்பிரிங்கைக் குறை சொல்வது வழக்கம். எடை குறைந்த வண்டி இது. கையேடு சொல்லும் அளவே போதும், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பார்க்க வேண்டும். சகதியில் சிக்கினால் 20 பவுண்டு அளவுக்கு இறக்கி ஏற்றிப் பார்க்கலாம். அதற்கும் கீழே போனால் ரிம்முக்குள் டயர் சுற்றி, டியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். கெட்டித் தரைக்கு வந்ததும் பழையபடி அடிக்க வேண்டும் என்பதால், ஜாக்கியோடு ஒரு கால்பம்பும் வண்டியில் கிடப்பது நல்லது.

சக்கரம் மாற்றி 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். வில்லிஸ் வழி வந்த பழைய வண்டிகளில் இடதுபக்கச் சக்கரங்களின் நட்டு இடதுமரை. வழக்கமான பக்கம் திருப்பினால் கழலாது, இறுகும். அது தெரியாமல் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி ஏறி மிதித்து, மழையில் நடுப்பாதையில் போல்ட்டை முறித்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொரு மலையிலும் இருப்பார்கள்.